வாயைத் திறங்க அப்பாயி!

நடுவர் அவர்களே, ஹட்டனில் கூடியிருக்கும் எங்கள் மலையக உறவுகளே, வணக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் பற்றிக் கற்பிக்கத்தான் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன், "சின்னப் பிள்ளைகளுக்குச் சாவைப் பற்றிப் பாடமா? விட்டால் பாடை கட்டவும் சொல்லிக் கொடுப்பார்கள்!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அண்ணே, வந்துகொண்டிருந்த பாடையைத் திருப்பி அனுப்பிய பிள்ளை ஒன்று எங்கள் தோட்டத்தில் இருக்கிறாள்.

தரம் 9 படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் வைத்தியர், வெற்றிலை போடுகிறவர்கள் வாயில் வரும், பிறகு புற்றாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். புகையிலை சேர்க்காவிட்டாலும் கொட்டைப்பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் என்றும் சொல்லியிருக்கிறார். பிள்ளை நேரே லயத்துக்கு, எங்கள் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஓடி வந்தாள். அப்பாயி அப்போதுதான் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, இடுப்புப் பையைப் பிரித்து ஒரு வாய் வெற்றிலை போட்டிருக்கிறார்.

"அதைத் துப்பிட்டு வாயைத் திறங்க அப்பாயி."

"ஏண்டி, நான் என்ன சந்தைக்கு வந்த மாடா, பல்லைப் பிடிச்சுப் பார்க்க?"

லயமே சிரித்தது. பின்வரிசை அக்காமாருக்குக் கேட்கவில்லை போல, மறுபடி சொல்கிறேன்: "சந்தைக்கு வந்த மாடா?" அவள் விடவில்லை. போன் டோர்ச்சை அடித்துப் பார்த்தாள். இடது கன்னத்தில், பாக்கை அடக்கும் அதே இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு! ஒரே அழுகை. சாப்பிட மாட்டேன் என்று அடம். பேத்தி பட்டினி கிடந்தால் எந்த அப்பாயி தாங்குவார்? மறுநாள் வேலைக்குப் பேர் போடவில்லை, பல் கிளினிக்குக்குப் போனார். சதைத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள். இன்னும் புற்றாகவில்லை. திட்டை வெட்டி எடுத்தார்கள். வெற்றிலைப் பை அன்றோடு அடுப்புக்குள் போனது.

அண்ணே, இது சாவுப் பாடமா?

சரி, இன்னொன்று. இலங்கையில் 2017 முதல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே எச்.பி.வி. என்ற வைரசுக்கு எதிரான ஊசி போடுகிறார்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்க. ஊசி போட வயது வந்துவிட்டது, ஏன் போடுகிறோம் என்று சொல்ல வயது வரவில்லையா? உடம்பின் செல் ஒன்றில் மரபணு பழுதாகிப் பழுதாகி, கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் புற்று. சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து என்று வைத்தியம் இருக்கிறது. முந்திக் கண்டால் பிழைக்க வழியும் அதிகம். இதில் எது பிள்ளைக்குப் புரியாது?

அதே லயத்தில் இன்னொரு வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு அண்ணனுக்கு வாய் திறக்க முடியாமல் போனது. மிளகாய் பட்டால் எரிகிறது என்று மாதக்கணக்கில் சொன்னார், யாருக்கும் விளங்கவில்லை. நோய் தெரிந்தபோது தொண்டை வரை போயிருந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பெற்ற மகனைக்கூட மடியில் உட்கார விடவில்லை. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது ஐயா! அந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தால், கடைசி மாதங்களில் அந்தப் பையன் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியிருப்பான்.

நடுவர் அவர்களே, அந்தப் பையனும் இப்போது தரம் 9தான். அவன் வகுப்புக்கு இந்தப் பாடத்தை மறுக்காதீர்கள்.