பொத்தான் மாற்றிய ஓட்டுநர்கள்

நேயர்களுக்கு வணக்கம். எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்தும் பம்புகளைப் பிரித்துப் பூட்டுவது என் தொழில். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஓடிய கனரக லாரிகளைப் பற்றியும், அவற்றின் எஞ்சினைத் தங்கள் கையாலேயே முடுக்கிவிட்ட ஓட்டுநர்களைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன்.

கலிஃபோர்னியாவில் கிரேப்வைன் என்றொரு ஏற்றம் இருக்கிறது. மைல்கணக்கில் நீளும் அந்த மலைச்சாலையின் சாய்வு பல இடங்களில் 6 சதவீதம். வண்டியும் சரக்குமாக 73,280 பவுண்டு, அதாவது சுமார் 33 டன் ஏற்றலாம் என்பது 1974 வரை கூட்டாட்சிச் சட்டம் விதித்த வரம்பு. இவ்வளவு பாரத்தோடு ஏறும்போது 220 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு 20 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டினாலே பெரிது. மைலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரை இப்படி ஊரவிடுவது, அவர் வயிற்றில் அடிப்பதுதான்.

அதனால்தான் அவர்கள் பம்பில் கை வைத்தார்கள். கம்மின்ஸ் நிறுவனத்தின் 855 கன அங்குல எஞ்சின், நம் கணக்கில் 14 லிட்டர், அதற்கென்றே அமைந்தது போல் இருந்தது. அதன் பம்புக்குப் பி.டி., அதாவது பிரஷர்-டைம், என்று பெயர். அழுத்தமும் நேரமும் சேர்ந்துதான் எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது பம்புக்குள் இருக்கும் ஒரு சிறு உலோகத் துண்டு. ஓட்டுநர்கள் அதைப் பொத்தான் என்றே சொன்னார்கள். விரல் நுனியில் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு சிறியது. அதன் முகத்தில் ஒரு வட்டப் பள்ளம் கடைந்திருக்கும். அந்தப் பள்ளம் சிறுத்தால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் டீசல் கூடும். 350 குதிரைத்திறன் என்று தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சின், இந்த ஒரு துண்டை மாற்றியதும் அதைத் தாண்டி இழுக்கும். எஞ்சின் வேகத்துக்கு வரம்பு கட்டும் கவர்னரின் சுருள்வில்லுக்கு அடியில் மெல்லிய தகடு செருகிச் சுழற்சி வேகத்தையும் உயர்த்தினார்கள்.

டெட்ராய்ட் டீசல் என்ற இன்னொரு நிறுவனத்தின் எஞ்சினை விரும்பியவர்களின் வழி வேறு. அது இரட்டை வீச்சு எஞ்சின், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசல் எரிந்து வெடிக்கும்; மற்ற லாரி எஞ்சின்களில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். அதனால் அதன் ஓசை, சுழலும் வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அலறுவதுபோல் காதில் விழும். அதில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைப் பெரிதாகப் பொருத்தினார்கள். அதே நிறுவனத்தின் 6-71 என்ற எஞ்சினின் காற்றூதியைக் கழற்றி, பந்தயக் கார்க்காரர்கள் தங்கள் பெட்ரோல் எஞ்சின்மேல் உட்காரவைத்த வரலாறும் உண்டு. எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

கரும்புகை கக்குவதைப் பெருமையாக நினைத்தவர்களை நான் மதிப்பதில்லை. அது முழுதாக எரியாத டீசல், வீணான காசு. நான் மதிக்கிறவர் பைரோமீட்டரில் கண் வைத்து ஓட்டியவர். புகைக்குழாயின் வெப்பத்தைக் காட்டும் அந்த வட்ட மானி டாஷ்போர்டில் இருக்கும். ஏற்றத்தில் முள் மெல்ல நகர்ந்து ஃபாரன்ஹீட் 1,200 டிகிரியை நெருங்கும்போது அவர் காலைத் தளர்த்துவார், ஒரு கியர் இறக்குவார். சுழற்சி கூடும், காற்று கூடும், முள் பின்வாங்கும். இதைக் கவனிக்காதவருக்குப் பிஸ்டன் உருகியது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போனது, சாலையோரத்தில் ஒரு வாரக் கூலியும் போனது. மேலே சேர்ந்த பிறகும் உடனே எஞ்சினை அணைக்கமாட்டார். டர்போ ஆறும்வரை சில நிமிடம் மெதுவாக ஓடவிடுவார், இல்லையென்றால் அதன் பேரிங்கில் உள்ள எண்ணெய் கருகிவிடும்.

ஏறியாயிற்று, இனி இறங்க வேண்டும். கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸே 1931-இல் கலிஃபோர்னியாவின் கஜோன் கணவாயில் பிரேக் செயலிழந்த லாரியோடு மலையிறங்கி, சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்த அச்சம் அவரை விடவில்லை. சிலிண்டரில் காற்று அமுங்கி முடியும் தறுவாயில் வெளியேற்று வால்வைத் திறந்துவிட்டால், எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் என்று ஒரு பிரேக்கை வடிவமைத்தார். ஜேக்கப்ஸ் நிறுவனம் அதை 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பம்பைத் திறந்துவிட்டு மலையேறிய ஓட்டுநர்கள், அந்த பிரேக்கை ஜேக் என்று செல்லமாக அழைத்து, அதன் படபட ஓசையோடு மறுபக்கம் இறங்கினார்கள்.