முதல் இதழ் அச்சுக்குப் போகும் முன்

வணக்கம். மதுரை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பு. நான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடத்தும் வழக்குரைஞர். நம் ஊரில் டாக்டர்கள், ஆடிட்டர்கள், கட்டடப் பொறியாளர்கள், ஏன், வக்கீல்களும் கூடத் தங்களுக்குள் சேர்ந்து மாத இதழ் தொடங்குகிறார்கள். பொதுமக்களும் படிக்கட்டும், நாலு நல்ல விஷயம் தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்ல எண்ணம்தான். சிவகாசியில் அச்சுக்குப் பேசிவிடுகிறார்கள், அட்டைக்குப் படம் தேடுகிறார்கள், வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் பார்த்துவிடுகிறார்கள். எதைப் போடுவோம், எதைப் போட மாட்டோம், வாசகர் எழுதும் கடிதத்தை என்ன செய்வோம் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தீர்களா என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் சார்" என்கிறார்கள்.

வரும்போது பார்க்க முடியாது. வரும்போது அது ஓர் ஆளோடு சேர்ந்துதான் வரும். நிறுத்த வேண்டிய கட்டுரையை எழுதியவர் சங்கத்தின் பழைய தலைவராக இருப்பார், அல்லது இதழுக்கு முதல் விளம்பரம் கொடுத்தவரின் சம்பந்தியாக இருப்பார். அன்றைக்கு நீங்கள் எடுக்கும் முடிவு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் ஆளைப் பார்த்து எடுத்த முடிவாகத்தான் தெரியும். எந்தச் சண்டையும் இல்லாத ஒரு நாளில், எல்லோரும் கூடி உட்கார்ந்து எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட விதி இருந்தால், அதே பெரியவரிடம் போய், "அண்ணே, இது நீங்களும் ஒப்புக்கொண்டதுதானே" என்று மரியாதை குறையாமல் சொல்லலாம்.

சரி, அந்த விதி யாரைக் காப்பாற்றுவதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். எழுதுகிற டாக்டருக்குப் பேச இடம் இருக்கிறது. பதில் எழுதுகிற வாசகருக்கும் இருக்கிறது. அந்தப் பக்கங்களில் பேசவே இடமில்லாத ஒருவர் இருக்கிறார்: டாக்டரிடம் வைத்தியத்துக்கு வந்தவர், வக்கீலிடம் வந்த கட்சிக்காரர், ஆடிட்டரிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போன கடைக்காரர். அவர் இந்த இதழைப் படிப்பாரா என்பதே தெரியாது. உங்களை நம்பிச் சொன்னதை நீங்கள் ஊருக்குச் சொல்லப் போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவரை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வரியையும் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

இதைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது, "பேரை எடுத்துவிடுவோம்" என்பதுதான். பெரும்பாலும் அது போதாது. இப்படி ஒரு கட்டுரை வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்: மேலூர் பக்கத்தில் ஒரு கிராமம், பள்ளிக்கூடத்தில் டீச்சர், வயது 52, கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், இந்த அம்மாவுக்கு இன்ன தோல் நோய். பெயர் இல்லை, ஆனால் அந்தக் கிராமத்தில் பஸ் ஏறும் ஒவ்வொருவருக்கும் அது யார் என்று தெரியும். கீழமாசி வீதியில் மூன்று தலைமுறையாக மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த கதை என்று ஆடிட்டர் எழுதினால், பக்கத்துக் கடைக்காரர் பெயரையும் கடை எண்ணையும் சேர்த்தே சொல்லிவிடுவார். சென்னையில் கூட்டத்தில் மறைந்துவிடக்கூடிய ஒரு விவரம் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் மறையாது. இங்கே ஊர், தொழில், வயது மூன்றும் சேர்ந்தால் அதுவே பெயர்தான்.

ஆகவே விதியில் இப்படி எழுதுங்கள்: ஊர் வேண்டாம், தெரு வேண்டாம், வயதைப் பத்து வருட வரம்பாகச் சொல்லுங்கள், கட்டுரையின் பாடத்துக்குத் தேவைப்படாத எந்த விவரமும் உள்ளே வரக்கூடாது. அந்த அம்மாவின் கணவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதற்கும் தோல் நோய்க்கும் என்ன சம்பந்தம்? சுவைக்காகச் சேர்த்தது அது. சிலர் டீச்சரை நர்ஸாகவும் மேலூரைத் தேனியாகவும் மாற்றிவிடலாம் என்பார்கள். அதுவும் வேண்டாம். மாற்றினால் படிக்கிறவருக்குப் பொய்ச் செய்தி போகிறது, அந்த மாற்றத்தில் வேறு யாராவது அப்பாவி பொருந்திப்போகவும் கூடும். தெரியக்கூடாததை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான். எக்ஸ்ரே படத்தின் மூலையில் நோயாளியின் பெயரும் மருத்துவமனை எண்ணும் இருக்கும், அதைப் பார்க்காமல் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவது சாதாரணமாக நடக்கக்கூடியது. பொறியாளர்கள் போடும் விரிசல் விட்ட வீட்டின் படத்தில் கதவு எண் தெரியும், கேட்டில் வீட்டுக்காரர் பெயர்ப் பலகை தெரியும். படத்துக்கென்று தனியாக ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள், அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ நோய் விவரத்தையோ அவர் அனுமதி இல்லாமல் எந்த இதழிலும் வெளியிடக் கூடாது என்று சொல்கின்றன. ஆடிட்டர்களுக்கு, அதாவது பட்டயக் கணக்கர்களுக்கு, அவர்களுக்கான 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், கட்சிக்காரரின் சம்மதம் இல்லாமலோ சட்டம் கேட்காமலோ தொழிலில் தெரிந்துகொண்டதை வெளியில் சொல்வது தொழில் ஒழுக்கக்கேடு என்றே இருக்கிறது. வக்கீல்களான எங்களுக்கோ, கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தைக் காக்கும் கடமை வழக்கு முடிந்த பிறகும் முடிவதில்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தைகள் விஷயத்தில், அவர்களைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு இன்னும் கறார்: பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், படிக்கும் பள்ளி, குடியிருக்கும் பகுதி, இவற்றில் எதுவும் வரக்கூடாது. குடியிருக்கும் பகுதியையே சட்டம் தனியாகச் சொல்கிறது, பாருங்கள்.

அந்தக் குழந்தைகள் விஷயம் தவிர மற்றவற்றில் அனுமதி வாங்கினால் போடலாமா? போடலாம், ஆனால் எப்படி வாங்கினீர்கள் என்பது முக்கியம். ஆபரேஷனுக்கு முன்னால் நீட்டுகிற படிவங்களோடு இதையும் நீட்டினால் யார் மாட்டேன் என்பார்கள்? சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, அச்சாகப் போகும் பக்கத்தையே அவருக்குத் தமிழில் படித்துக்காட்டி, எழுத்தில் வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் எந்த வருத்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, தன்னைத்தானே விற்பது. இதை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தொழில்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வழக்குரைஞர்களுக்கு இந்திய பார் கவுன்சில் விதி 36 விளம்பரத்தைத் தடுக்கிறது. தான் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் கருத்து வரவழைப்பதும், அதற்காகத் தன் படத்தைப் போடவைப்பதும்கூட அதில் சேர்த்தி. மருத்துவர் விதிகள் இதில் தெளிவான ஒரு கோடு போடுகின்றன: தனக்கு விளம்பரமாக அமையும்படி நோயையும் சிகிச்சையையும் பற்றிப் பொது இதழில் எழுதக் கூடாது, ஆனால் பொதுச் சுகாதாரம், ஆரோக்கிய வாழ்வு பற்றித் தன் பெயரிலேயே எழுதலாம், வானொலியில் பேசலாம். ஆக, கட்டுரையின் கீழே பெயரும் படிப்பும் இருக்கட்டும், ஆலோசனை நேரமும் செல்போன் எண்ணும் வேண்டாம். எழுதுகிற விஷயத்தால் எழுதுபவருக்கு வருமானம் உண்டு என்றால், உதாரணமாக ஒரு சிமெண்ட் கம்பெனிக்கு ஆலோசகராக இருப்பவர் சிமெண்ட் பற்றி எழுதினால், அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும், கடைசியில் பொடி எழுத்தில் அல்ல.

இப்போது வாசகர் கடிதங்களுக்கு வருகிறேன். இங்கேதான் நிறைய இதழ்கள் இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றன. ஒன்று, பாராட்டுக் கடிதம் மட்டும் போடுவது. அப்படிப் போட்டால் மூன்றாவது மாதம் அந்தப் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். இன்னொன்று, வந்ததையெல்லாம் போட்டுவிட்டு, "கருத்து வாசகருடையது, ஆசிரியர் பொறுப்பல்ல" என்று கீழே ஒரு வரி சேர்ப்பது. அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, அவதூறாகச் சொன்னவரோடு அதை வெளியிட்டவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. அவதூறு என்று தெரிந்தே அச்சடிப்பதும் குற்றம்தான். அவதூறு செய்தவருக்கு இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அதாவது கடின உழைப்பு இல்லாத சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை. "நாங்கள் தனிச்சுற்றுக்கு மட்டும் என்று போட்டிருக்கிறோமே" என்று கேட்பார்கள். தனிச்சுற்று என்பதால் அவதூறு இல்லாமல் போகாது. சம்பந்தப்பட்டவரைத் தவிர வேறு ஒரே ஓர் ஆள் படித்தாலும் வெளியிட்டதாகத்தான் கணக்கு. உண்மையைத்தானே போட்டேன் என்பதும் இந்தப் பிரிவில் தனியாகப் போதாது, அது பொதுநன்மைக்காக வெளியிடப்பட்டது என்றும் காட்ட வேண்டும்.

இதற்காகப் பயந்துபோய் விமர்சனத்தையே நிறுத்திவிடாதீர்கள், அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வருகிறேன். "டாக்டர் எழுதிய மருந்தளவு தப்பு, சர்க்கரை நோய்க்காரருக்கு இது ஒத்துவராது" என்று ஒருவர் எழுதினால் அந்தக் கடிதம் பொன். அதை முதலில் போடுங்கள், இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதித் தரும்படிகூடக் கேளுங்கள். "இந்த டாக்டர் காசுக்காக ஸ்கேன் எழுதுகிறவர்" என்று எழுதினால் அது வேறு. முதலாவது கட்டுரையைப் பற்றியது, இரண்டாவது ஆளைப் பற்றியது. கட்டுரையில் உள்ளதைப் பற்றி எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம், எழுதியவரின் நேர்மை, சாதி, குடும்பம், படித்த கல்லூரி பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது என்று விதியில் இதே வார்த்தைகளில் எழுதிவிடுங்கள். நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி எழுதுபவர்களுக்கும் இதே அளவுகோல்தான். வழக்கு முடிந்து தீர்ப்பு வந்த பிறகு, அதன் நியாயத்தைப் பற்றி நேர்மையாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவே சொல்கிறது. நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி, அதுவும் தானே ஆஜராகும் வழக்கைப் பற்றி, வக்கீல் எழுதக் கூடாது.

மொட்டைக் கடிதம் வேண்டாம். ஆனால் பெயர் வெளியிடுவது வேறு, பெயர் தெரிந்திருப்பது வேறு. ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் தன் மேலதிகாரியின் பெயரைச் சொல்லாமல், அங்கே நடக்கும் முறைகேட்டைப் பற்றி எழுதுகிறார் என்றால், அவர் பெயரை அச்சில் போட்டால் வேலைக்கு ஆபத்து. பெயரும் முகவரியும் ஆசிரியரிடம் இருக்கட்டும், அச்சில் "பெயர் வெளியிட விரும்பாத வாசகர்" என்று வரட்டும். ஒரு போன் போட்டு, எழுதியது அவர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த முகவரியைச் சங்கச் செயலாளர் கேட்டாலும் தரமாட்டோம் என்பதையும் விதியில் சேர்க்க வேண்டும், கேட்பார்கள்.

கடிதத்தைச் சுருக்கலாம், கருத்தை மாற்றக் கூடாது. ஒருவர் மேல் குற்றம் சொல்லும் கடிதம் என்றால் அச்சுக்குப் போகும் முன்னாலேயே அவருக்குக் காட்டி, அதே பக்கத்தில் அதே அளவு இடம் கொடுத்து அவர் பதிலையும் போடுங்கள். அடுத்த மாதம் போடுகிறோம் என்பது பதில் ஆகாது, ஒரு மாதம் முழுக்க அவர் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டுமே. தப்பு வந்துவிட்டால், எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், என்ன தப்பு, சரியானது என்ன என்று இரண்டையும் சொல்லித் திருத்தம் போட வேண்டும். மருந்தின் அளவில் தப்பு வந்தால் அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே நோட்டீஸ் அடித்து, இதழ் போன இடத்துக்கெல்லாம் அனுப்ப வேண்டும். செலவுதான், ஆனாலும் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் யார் முடிவு செய்வது? ஆசிரியர் ஒருவரே என்றால் எல்லாப் பழியும் அவர் தலையில் விழும், எல்லா அதிகாரமும் அவர் கையில் சேரும், இரண்டுமே நல்லதல்ல. மூன்று பேர் போதும். அதில் ஒருவர் உங்கள் தொழிலைச் சேராதவராக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பள்ளித் தலைமையாசிரியை, அப்படி ஒருவர். டாக்டர்கள் மூன்று பேரும் சேர்ந்து பார்த்தால் மேலூர் டீச்சரின் நோய் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வெளியாள்தான், "இது எங்கள் ஊர் அம்மா மாதிரி இருக்கிறதே" என்று கேட்பார். நிறுத்திய கட்டுரைக்கும் போடாத கடிதத்துக்கும் காரணத்தை எழுதியவருக்கு ஒரு வரியில் தெரிவிக்க வேண்டும்.

பதிவு விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். 1867-ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2023-ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பொதுச் செய்தியும் அதைப் பற்றிய கருத்தும் போடும் இதழ் என்றால் பதிவு வேண்டும். அறிவியல், தொழில்நுட்ப, கல்வி சார்ந்த ஆய்விதழ்களுக்கு அதில் விலக்கு உண்டு. உங்கள் இதழ் எந்தப் பக்கம் சேரும் என்பதை முதல் இதழுக்கு முன்னாலேயே ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதிய விதியைக் கோப்பில் வைத்துப் பூட்டிவிடாமல், ஒவ்வொரு இதழிலும் உள் அட்டையில், சாதாரண எழுத்து அளவில், பத்தாவது படித்தவருக்குப் புரியும் தமிழில் அச்சடியுங்கள். பக்கத்திலேயே, "இந்த இதழில் வந்திருப்பது என்னைப் பற்றியதோ என்று தோன்றினால் யாரிடம் வர வேண்டும்" என்று ஓர் ஆளின் பொறுப்பும் முகவரியும் நேரமும் இருக்கட்டும். அந்த நேரத்தில் அந்த ஆள் அங்கே இருக்க வேண்டும். நன்றி, வணக்கம்.