உடைக்கும் முன் அந்த ஐஸைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கடைகளிலும் பெரிய சமையல்கூடங்களிலும் நிற்கும் ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர்களைப் பழுது பார்ப்பது என் தொழில். எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "கூலிங் இல்லை, கேஸ் தீர்ந்துபோச்சு. வந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

பெட்டியைக் குளிர்விக்கும் அந்தக் கேஸ் தீராதுங்க. பெட்ரோல் மாதிரி எரிந்து காலியாகிற பொருள் இல்லை அது. மூடிய குழாய்க்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் நிரப்பும் கேஸ், போன வழியே போய்விடும்.

ஆனால் கூலிங் குறைந்த பெட்டிகள் பலவற்றில் கேஸ் சரியாகவே இருக்கும். கோளாறு எங்கே என்பதை உள்ளே இருக்கும் ஐஸே காட்டிவிடும். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இருக்கும் உள்மூடியைக் கழற்றினால் கூலிங் காயில் தெரியும், அதாவது கேஸ் ஓடிக் குளிரைக் கொடுக்கும் வளைகுழாய். காயில் முழுக்க வெள்ளைவெளேரென்று பஞ்சு அடைத்தாற்போல் ஐஸ் இருந்தால், முதலில் கேஸைச் சந்தேகப்படாதீர்கள். ஐஸை உருக்கிவிடும் ஏற்பாடு வேலை செய்யவில்லை, இல்லையென்றால் வெளிக்காற்று உள்ளே வருகிறது, அல்லது உள்ளே ஃபேன் சுற்றவில்லை. காயிலுக்குள் கேஸ் நுழைகிற முனையில் மட்டும் ஒரு முடிச்சு போல ஐஸ் கட்டி, மிச்சமெல்லாம் வெறுமனே கிடந்தால், அப்போதுதான் கேஸ் குறைவு அல்லது குழாய் அடைப்பு என்று யோசிக்க வேண்டும்.

ஐஸ் கட்டினால் குளிர் கூடத்தானே வேண்டும் என்று கேட்பார்கள். காயிலில் படியும் உறைபனிக்குள் காற்று சிறைப்பட்டிருக்கிறது. அது கம்பளி போர்த்தியது மாதிரி. குளிர் காயிலை விட்டு வெளியே வராது. ஃபேன் தள்ளும் காற்றுக்கும் வழி இருக்காது. பெட்டி சூடாகிறது என்று பார்த்ததும் தெர்மோஸ்டாட்டை இன்னும் கீழே இறக்கிவிடுவோம். அங்கேதான் தப்பு பெரிதாகிறது. ஃப்ரிட்ஜ் வகைப் பெட்டிகள் பலவற்றில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் காயில் ஐஸ் உருகி வடிகிறது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால் உருக நேரமே கிடைக்காது.

ஒரு கடைக்குப் போயிருந்தேன். சுறுசுறுப்பான பையன் ஒருவன், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஸ்க்ரூடிரைவரால் ஐஸைக் குத்திக்கொண்டிருந்தான். நான் "நிறுத்துப்பா" என்று சொல்லி வாய் மூடவில்லை, புஸ்ஸென்று ஒரு சத்தம். அந்தக் குழாயின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெறுமனே உருகவிட்டிருந்தால் சரியாகியிருக்கும் பெட்டிக்குக் காயிலையே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் ஆர்-290 என்ற கேஸ் இருக்கிறது. அது புரொப்பேன், தீப்பற்றக்கூடியது. பெட்டியின் லேபிளில் போட்டிருப்பார்கள், ஒரு தடவை பார்த்து வையுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர், சுத்தியல் எதுவும் காயில் பக்கம் போகவே கூடாது.

சரக்கை வேறு குளிர்பெட்டிக்கு மாற்றிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, தானாக உருகவிடுங்கள். ஒரு ராத்திரி போனாலும் போகட்டும். தண்ணீர் வடியும் துளையில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, அடைப்பில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு ஓடவிடுங்கள். சில நாள் நன்றாகக் குளிர்ந்து, மறுபடி காயில் முழுக்கக் கட்டினால், ஃப்ரீசராக இருந்தால் பெரும்பாலும் ஐஸை உருக்கும் ஏற்பாட்டில் உள்ள டிஃப்ராஸ்ட் டைமர், ஹீட்டர், சென்சார் இந்த மூன்றில் ஒன்று. அது மெக்கானிக் வேலை.

கதவு ரப்பரை நீங்களே பார்த்துவிடலாம். ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. நாலு பக்கமும் பாருங்கள், கீல் பக்கத்தை மறக்காமல். பல ரப்பர்களுக்குச் சோப்புத்தண்ணீர் போட்டுத் துடைத்தாலே உயிர் வந்துவிடும்.

ஐஸே இல்லை, ஆனாலும் குளிர் பற்றவில்லை, கம்ப்ரசர் கொதிக்கிறது என்றால் முதலில் வெளியே இருக்கும் கண்டென்சரை, அதாவது சூட்டை வெளியே விடும் தகடு வைத்த காயிலைப் பாருங்கள். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து போர்வையாகவே படிந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மெல்லிய பிரஷால் தகடுகள் போகும் திசையிலேயே தள்ளுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும். சூடான பாத்திரத்தை அப்படியே உள்ளே வைப்பது, ஃபேன் வாயை மறைத்து அடுக்குவது, இவை இரண்டும் வேண்டாம்.

இன்னொன்று. பெட்டி முகப்பில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். ஃப்ரிட்ஜ் என்றால் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. ஃப்ரீசர் மைனஸ் 18. உள்ளே இருப்பது யாரோ ஒரு குழந்தை சாப்பிடப்போகிற சாப்பாடு, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது, ஐஸ் உருகும் முன்பே காயிலைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். வந்தவர் உள்மூடியைத் திறக்காமலேயே கேஸ் சிலிண்டரை இறக்கினால், "ஓட்டை எங்கே அண்ணே?" என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.