குண்டை எடுத்தாச்சா?

நேயர்களுக்கு வணக்கம்.

துப்பாக்கிச் சூட்டில் அடிபட்டவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டு நான் வெளியே வந்தால், சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "குண்டை எடுத்தாச்சா டாக்டர்?" என்பதைத்தான். சினிமா பார்த்துப் பழகிய கேள்வி. உயிரைக் குடிப்பது உள்ளே கிடக்கும் குண்டல்ல, அது போன வழியில் ஓடும் ரத்தம்.

1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டை முதுகில் சுட்டார்கள். மருத்துவர்கள் கழுவாத விரல்களை விட்டுக் குண்டைத் தேடினார்கள். தொலைபேசி கண்ட கிரகாம் பெல்கூட உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு வந்தார். வலப்பக்கமே தேடினார்கள், குண்டு கிடந்ததோ இடப்பக்கம். காயம் சீழ்பிடித்து, 79 நாள் வதைபட்டு இறந்தார். சவப்பரிசோதனையில் அந்தக் குண்டைச் சுற்றி உடம்பே உறை கட்டி வைத்திருந்தது தெரிந்தது.

நம் மலையடிவார ஊர்களில் நான் அதிகம் பார்ப்பது நாட்டுத் துப்பாக்கிக் காயம். குழாயில் கரிமருந்தைக் கெட்டித்து, மேலே பால்ரஸ் குண்டுகளைப் போட்டுச் சுடுவார்கள். காட்டுப்பன்றி என்று நினைத்து இருட்டில் ஆளைச் சுட்டுவிடுவார்கள். தூரத்திலிருந்து பட்டால் மிளகு தூவியதுபோலத் துளைகள். பக்கத்திலிருந்து பட்டால் எல்லாம் ஒரே கொத்தாகப் பாய்ந்து குழி பறித்துவிடும். ராணுவ ரைஃபிள் வேறு கதை. வேகம் இரண்டு மடங்கானால் தாக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. பஞ்சு போன்ற நுரையீரல் ஓரளவு தாங்கும், கல்லீரல் வெடித்துவிடும்.

ஒருநாள் விடியற்காலை 4 மணிக்கு அண்ணன் ஒருவர் தம்பியைத் தூக்கிவந்தார். "கம்பி குத்திடுச்சு சார்" என்றார். தொடையில் சின்னச் சின்னத் துளைகள், தொடை கல்லாக வீங்கியிருந்தது. பாதம் சில்லென்றிருந்தது. மேல்பாதத்தில் விரல் வைத்தேன், நாடி இல்லை. "உண்மையைச் சொல்லுப்பா, தம்பிக்குக் கால் போயிடும்" என்றதும் உடைந்து அழுதார். சுட்டது ராத்திரி 11 மணிக்கு. உரிமமில்லாத துப்பாக்கி, போலீஸ் பயம். ஐந்து மணி நேரம் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். ரத்த ஓட்டம் நின்ற கால் சுமார் ஆறு மணி நேரம்தான் தாங்கும்.

இதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன். போலீசுக்குத் தகவல் கொடுப்பது எங்கள் கடமை. ஆனால் முதலில் சிகிச்சை, பிறகுதான் மற்றதெல்லாம் என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயந்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். சுத்தமான துணியை வைத்துக் காயத்தின்மேல் அழுத்துங்கள், எட்டிப் பார்ப்பதற்காகக் கையை எடுக்காதீர்கள், அப்படியே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வந்ததும் உடுப்பு முழுவதையும் வெட்டி எடுப்போம், துணியில் குண்டு துளைத்த ஓட்டைமேல் மட்டும் கத்தரி படாமல், அது சாட்சி. புரட்டிப் போட்டு முதுகு, அக்குள், தலைமுடிக்குள் வரை தேடுவோம். ஒவ்வொரு துளையின்மேலும் ஒரு காகித கிளிப்பை ஒட்டி எக்ஸ்ரே எடுப்போம். ஒற்றைக் குண்டுக் காயங்களில் துளைகளையும் உள்ளே தெரியும் குண்டுகளையும் கூட்டினால் இரட்டைப்படை வர வேண்டும். ஒற்றைப்படை வந்தால் எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று மறுபடி தேடுவோம். ரத்தம் ஏற்றுவோம், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் ஊசி போடுவோம். விலை குறைந்த மருந்துதான். 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் ரத்தப்போக்கு மரணம் குறைகிறது என்று பின்னர் தெரிந்தது. அந்தத் தம்பிக்கு அந்த நேரமும் தாண்டியிருந்தது.

மற்றக் காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து அறுந்த தமனியை ஒட்டினோம். கெண்டைக்கால் தசை வீங்கி இறுகாமலிருக்க உறையைக் கீறிவிட்டோம். கால் பிழைத்தது. வழியில் தட்டுப்பட்ட குண்டுகளை எடுத்தோம், தசைக்குள் புதைந்த பதினேழை அப்படியே விட்டுவிட்டோம். மூட்டுக்குள் இருந்திருந்தால் எடுத்திருப்போம்.

டிஸ்சார்ஜ் அன்றும் அண்ணன் கேட்டார், "அந்தக் குண்டுங்க சார்?" எக்ஸ்ரே படத்தைக் கையில் கொடுத்தேன். "உள்ளேயே இருக்கட்டும். எங்கேயாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னா, அது பெரிய காந்தம், முதல்ல இதைக் காட்டுப்பா" என்றேன்.