துப்பாக்கிய வெட்டி நாற்காலி செஞ்சவங்க

எல்லாருக்கும் வணக்கம். ஸ்க்ரீன்ல தெரியுற அந்த நாற்காலிய முதல்ல நல்லா பாத்துக்கோங்க, இன்னைக்கு நான் பேசப்போறது பெரும்பாலும் அதப் பத்திதான். கால், கைப்பிடி, உக்கார்ற இடம், முதுகு சாயுற இடம்னு மொத்தமும் துப்பாக்கி. பொம்மை இல்லைங்க, நிஜத் துப்பாக்கி. மொசாம்பிக் கலைஞர் கிறிஸ்டோவாவ் கன்யாவாட்டோ 2001-ல செஞ்சாரு, கெஸ்டர்னு சொன்னாதான் எல்லாருக்கும் தெரியும். இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, ஆயுத சிம்மாசனம்னு பேரு.

மொசாம்பிக் 1975-ல போர்ச்சுகல்கிட்டருந்து விடுதலை வாங்குச்சு, ரெண்டே வருஷத்துல உள்நாட்டுப் போர், அது 1992 அக்டோபர்ல ரோம்ல சமாதான ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டப்புறம்தான் நின்னுச்சு. பேப்பர்ல போர் முடிஞ்சிடும், ஆனா துப்பாக்கி எங்க போகும்? மண்ணுக்குள்ள, புதருக்குள்ள, கூரை இடுக்குல அப்படியே கிடந்துச்சு. நாளைக்கு மறுபடி சண்டை வந்தா என்ன பண்றதுன்னு பயம் இருக்குறவன் சும்மா வந்து குடுத்துட்டுப் போவானா? அப்பதான் 1995-ல ஆங்கிலிக்கன் பிஷப் டினிஸ் செங்குலானே முன்னாடி நின்னு, மொசாம்பிக் கிறிஸ்தவ கவுன்சில் மூலமா ஒரு திட்டத்த ஆரம்பிச்சாரு. பட்டயத்த மண்வெட்டியா அடிக்கிறதுன்னு பைபிள்ல வருமே, அதை அந்த மனுஷன் நிஜமாவே செஞ்சு காட்டிட்டாரு. துப்பாக்கியக் கொண்டுவந்து குடு, மண்வெட்டி வாங்கிக்கோ, தையல் மெஷின் வாங்கிக்கோ, சைக்கிள் வாங்கிக்கோ, கூரைத் தகடு வாங்கிக்கோ. ஒரு ஊர்க்காரங்க மொத்தமா சேந்து குடுத்து டிராக்டரே வாங்கிட்டுப் போனாங்க! பணமா குடுக்காம பொருளா குடுத்ததுதான் இதுல கெட்டிக்காரத்தனம்னு நான் நினைக்கிறேன், கையில காசு வந்தா அதே காசுக்கு இன்னொரு துப்பாக்கி வாங்கிட முடியும், தையல் மெஷின வச்சு யாரையும் சுட முடியாதுல்ல.

வந்ததையெல்லாம் திரும்ப யாரும் சுட முடியாதபடி துண்டு துண்டா வெட்டிட்டாங்க. அதுல கொஞ்சம் தலைநகரம் மாபுட்டோவுல இருக்குற கலைஞர்கள் கைக்குப் போச்சு. இங்கதான் வேலையோட கஷ்டத்தப் பாக்கணும். ஏகேஎம்னு, ஏகே-47-க்கு அப்புறம் வந்த மாடல், அந்தத் துப்பாக்கியோட நடு உடம்பு வெறும் ஒரு மில்லிமீட்டர் தகட்ட மடிச்சு செஞ்சது, குழல் மட்டும் நல்லா கனமான ஸ்டீல். கனமானதையும் மெலிசானதையும் வெல்டிங்ல சேக்குறது எவ்ளோ தலைவலின்னு பட்டறையில வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், குழல் சூடேறி பிடிக்கிறதுக்குள்ள தகடு பொத்தல் விழுந்துடும். குழலுக்கு உள்பக்கம் குரோம் பூச்சு வேற, அதுல சூடு பட்டா வர்ற புகைய சுவாசிக்கவே கூடாது.

சிம்மாசனத்த கிட்டப் போய் பாத்தீங்கன்னா ஒரு உலக மேப்பே இருக்கு. முதுகுப் பக்கம் நிக்கிற ரெண்டும் போர்ச்சுகீசியர்களோட ஜி3 ரைஃபிள். ஏகே-47 எல்லாம் சோவியத்ல செஞ்சது. உக்கார்ற இடம் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா துப்பாக்கி. முன்னங்கால்ல ஒண்ணு வடகொரியா குழல். செத்தது மொசாம்பிக் ஜனங்க, ஆனா ஒரு துண்டு கூட ஆப்பிரிக்காவுல செஞ்சது கிடையாது. அப்புறம் உச்சியில இருக்குற கட்டைய, அதாவது தோள்ல வச்சு சுடுற துப்பாக்கியோட பின்பக்கத்தப் பாருங்க, ஸ்க்ரூ ஓட்டை ரெண்டும் கண்ணு மாதிரி, பெல்ட் கோக்குற ஓட்டை வாய் மாதிரி, சிரிச்சுக்கிட்டு இருக்கும். அத நான் செதுக்கல, கட்டையிலேயே இருந்துச்சுன்னு கெஸ்டர் சொல்லிருக்காரு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், மொசாம்பிக் தேசியக் கொடியிலயே ஏகே-47 இருக்கு, மண்வெட்டியோட குறுக்கா, புத்தகத்துக்கு மேல. அங்க அது நாட்டப் பாதுகாக்குறதுக்கான அடையாளம். அதனால அந்தத் துப்பாக்கிய வெட்டுறதுன்னா அந்த ஊர்க்காரங்களுக்கு லேசான விஷயம் இல்ல.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு காட்டுறேன். 2005-ல பிலிப் ஸ்டார்க் டிசைன் பண்ணி, ஃப்ளோஸ் கம்பெனி வித்த லேம்ப். ஏகே-47 வடிவத்துல தங்க முலாம் பூசின தண்டு, மேல கறுப்பு ஷேடு. அது அலுமினிய வார்ப்பு, எந்தச் சண்டையையும் பாத்ததில்ல. போருக்கு எதிரான விமர்சனம்னு சொல்லித்தான் விக்கிறாங்க, எனக்கென்னமோ ஹால்ல வச்சா பணக்கார வில்லன் வீடு மாதிரிதான் இருக்கும்னு தோணுது. சாரி, மனசுல பட்டத சொல்லிட்டேன்.

கொலம்பியாவுல இன்னொரு வழி பாத்தாங்க. 2016 சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஃபார்க்ங்கிற கிளர்ச்சிப் படை ஒப்படைச்ச ஆயுதங்கள்ல 37 டன்ன உருக்கி, அந்த ஊர் சிற்பி டோரிஸ் சால்செடோ 1,296 தரைப் பலகையா வார்த்தாங்க. அச்சுக்கான தகட்ட சுத்தியலால அடிச்சது யாருன்னா, அந்தப் போர்ல பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள். 2018-ல தலைநகரம் போகோட்டாவுல திறந்தாங்க, உள்ள போறவங்க அது மேலதான் நடக்கணும். துப்பாக்கிய உயரத்துல தூக்கி வைக்க மாட்டேன், அதுக்கு அந்த மரியாதைய குடுக்க மாட்டேன்னு சால்செடோ நினைச்சாங்க, அதுல ஒரு நியாயம் இருக்கு.

இருந்தாலும் நான் கெஸ்டர் கட்சி. உருக்கிட்டா எந்த நாட்டு சரக்குன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, வித்தவன் ஜாலியா தப்பிச்சுருவான். நாற்காலியில அந்தக் கணக்கு இன்னும் அப்படியே நிக்குது. இல்ல, தரைதான் சரின்னு நினைக்கிறவங்க இங்கயே இருப்பீங்க. மைக்க அந்தப் பக்கம் குடுங்க, கேப்போம்.