பூட்டிய அலமாரியும் ஒன்பது வயதுச் சிறுவனும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, மாணவியரை வெயிலில் வாடவிடாமல் அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்தியிருக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்துதவிய வணிகர் சங்கத்துப் பெரியோர்களே, என் கையிலுள்ள படப் புத்தகத்தின் அட்டையை விட்டுக் கண்ணை எடுக்காத குழந்தைச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்று நவம்பர் 14. நமக்குக் குழந்தைகள் நாள். தேசிய நூலக வாரத்தின் முதல் நாளும் இதுவே. 1960இல் இதே நாளில்தான், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, அதுவரை வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குள் மார்ஷல்கள் எனப்படும் நான்கு மத்திய அரசுக் காவல் அதிகாரிகளின் காவலோடு நுழைந்தாள். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954லேயே தீர்ப்பளித்திருந்தும், வாசலில் திரண்ட கூட்டம் அந்தக் குழந்தையைப் பார்த்துக் கூச்சலிட்டது. வெள்ளையர் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டதால், அவள் ஆண்டு முழுவதும் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியரிடம் தனியொருத்தியாக அமர்ந்து படித்தாள்.

இவ்வரலாற்றைக் குழந்தைகளுக்குச் சொல்லும் படப் புத்தகங்களைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: அவை என்ன கதை சொல்கின்றன, அவற்றை எழுதியோர் யார், அவை நம் பிள்ளைகளின் கைக்கு வருவது எப்படி. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டார்கள். ரூபியைக் காண நேர்ந்த குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ் 1995இல் அவள் கதையைச் சிறுவர்க்கு எழுதினார். தன்னை ஏசும் கூட்டத்தின் நடுவே நின்று, அவர்களுக்காகவே அவள் இறைவனை வேண்டும் காட்சி அதில் வருகிறது. ஐம்பதில் வளைய மறுத்தவர்கள் எதிரே, ஆறு வயதில் ஒரு குழந்தை அப்படி நின்றாள்.

இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் லேக் சிட்டி என்னும் சிற்றூர், ஆண்டு 1959. ரொனால்ட் மெக்நேர் என்ற ஒன்பது வயதுச் சிறுவன் தனியாக நடந்தே நூலகத்துக்குப் போகிறான். புத்தகங்களைத் தேர்ந்து வரிசையில் நிற்கிறான். இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். கறுப்பர்களுக்கு இங்கே புத்தகம் தருவதில்லை என்கிறார் நூலகர். காத்திருக்கிறேன் என்கிறான் பையன். போகாவிட்டால் போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறார். மீண்டும் அதே பதில்! சொல்லிவிட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறான், கால் தரையில் படாத பிள்ளை. இரண்டு காவலர்கள் வருகிறார்கள். கலவரம் எங்கே என்று தேடுகிறார்கள். அங்கே இருப்பதோ ஒரு சிறுவன். தாயும் பதறி ஓடி வருகிறாள். புத்தகத்தைக் கொடுத்துவிட்டால்தான் என்ன என்று ஒரு காவலரே கேட்கிறார். அவன் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான் என்கிறாள் தாய். புத்தகம் கிடைக்கிறது, நன்றி சொல்லடா என்று மகனிடம் சொல்கிறாள். அந்தச் சிறுவன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, 1984இல் விண்வெளி சென்றான். 1986இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் உயிர்நீத்தான். அவனைத் துரத்தப் பார்த்த அந்தக் கட்டடம் இன்று அவன் பெயரிலேயே நினைவகமாக நிற்கிறது. இக்கதையும் படப் புத்தகமாக வந்திருக்கிறது.

பெட்ரீசியா மெக்கிஸாக் எழுதிய கதையிலும், பேருந்தில் பின்னிருக்கை, பூங்காவில் உட்காரக் கூடாத பெஞ்சு என்று அவமானப்பட்டு நடக்கும் நாஷ்வில் நகரச் சிறுமி கடைசியில் சென்று சேரும் இடம், அனைவரும் வருக என்று எழுதிய பொது நூலகம்தான்.

பெரியோர்களே, அண்மையில் ஒரு கிளை நூலகத்தில் சிறுவர் நூல்கள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியிருக்கக் கண்டேன். கிழித்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். கண்ணாடியில், என் இடுப்பளவு உயரத்தில், பிஞ்சு விரல்களின் தடங்கள் பதிந்திருந்தன. நிறவெறியையும் இந்தப் பூட்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். அது அம்மக்கள் பட்ட துயரைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆயினும் ஐந்தில் வளைய வேண்டிய பிள்ளை ஐந்து வயதில் புத்தகத்தைத் தொடவே முடியாவிட்டால், எதைக் கொண்டு வளைப்பது?

ஆகவே மாவட்ட நூலக அலுவலர் அவர்களிடம் இம்மேடையிலேயே வேண்டிக்கொள்கிறேன். ஒவ்வொரு கிளையிலும் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் பூட்டில்லாத ஒரு தட்டு வையுங்கள். இத்தகைய நூல்களை முறைப்படி தமிழாக்கி அதில் அடுக்குங்கள். கிழிந்த பக்கங்களை ஒட்டித்தர எங்கள் வாசகர் வட்டத்தார் வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை வரச் சித்தமாக இருக்கிறோம்.