பதிவேட்டில் நீங்கிய பெயர்கள்

(காவிரிப் படுகைக் கிராமம் ஒன்றின் மேல்நிலைப் பள்ளியில், போர்க்காலங்களில் படைப்பணி ஆற்றிய ஆசிரியர்கள், மாணவர்கள் ஆகியோரின் பெயர்க்கல் திறப்பு விழாவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, அவர்தம் குடும்பத்தாரே, ஆசிரியப் பெருமக்களே, என் அன்பிற்குரிய மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

சற்று முன் திரை விலக்கப்பட்ட இந்தக் கருங்கல் வெளியூரிலிருந்து வந்தது. நம் வட்டாரத்தில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் வண்டலும் களியும் மணலும்தான் கிடைக்கும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. அதனால்தானோ என்னவோ, செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் காணக் கிடைக்கும் நடுகற்கள் நம் பகுதியில் அரிதாகவே இருக்கின்றன. அந்தக் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். பிறகு, ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனின் பெயர், அவன் இன்னாருடைய சேவகன் என்ற குறிப்போடு வரும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், தன்னை வளர்த்தவன் விழுந்த பிறகும் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் ஏழாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான கற்களும் நம் நாட்டில் உண்டு. முதல் உலகப்போர் முடிந்த பின் ஆங்கில அரசு பல ஊர்களில் பதித்த பலகைகள் அவை. இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதோடு அவை முடிந்துவிடும். கடல் கடந்து போன 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. ஊருக்கு ஊர் எண்ணிக்கை மட்டும் எஞ்சியது. எண்ணிக்கையைப் பார்த்து எந்தத் தாயால் அழ முடியும்? நம் பள்ளியும் இத்தனை ஆண்டுகளாக ஆண்டு விழா மேடையில், 'நம் மாணவர்கள் பலர் நாட்டுக்காக உழைத்திருக்கிறார்கள்' என்று மட்டுமே சொல்லி வந்தது. நானும் பல முறை அப்படிப் பேசியிருக்கிறேன். அந்தப் 'பலர்' யார் என்று நான் தேடிப் பார்க்காதது என் குறை.

தேடியவர்கள் இந்தப் பிள்ளைகள்தாம். சென்ற ஆண்டு, பழைய பதிவேடுகள் இருந்த பீரோவைத் திறந்து, கறையான் அரித்தது போக எஞ்சியதை ஒன்றரை மாதம் உட்கார்ந்து படித்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு மாணவர் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில், 'நீண்ட நாள் வராமையால் பெயர் நீக்கம்' என்று இருந்தது. அவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார் என்பதை, அவருடைய பேரன் வீட்டில் இருந்த ஊதியப் புத்தகத்தைப் பார்த்த பிறகே நாங்கள் அறிந்தோம். இவ்வாறு நீக்கப்பட்ட பெயர்கள் மேலும் இருந்தன. பதிவேட்டில் எழுதிய ஆசிரியர் மேல் பிழையில்லை, விதி அப்படி. ஆனால் அந்தக் கோட்டை அழிக்க நமக்கு 80 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அன்று போனவர்கள் ஏன் போனார்கள் என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பட்டாளம் என்பது மாதச் சம்பளம். வீட்டுக்கு வரும் மணியார்டர். பண்ணையாரின் களத்துமேட்டில் கைகட்டி நிற்காமல் வாழ ஒரு வழி. அதைச் சொல்வதால் அவர்கள் பணியின் மதிப்புக் குறைந்துவிடாது. 25 லட்சம் இந்தியர்கள் பணியாற்றிய அந்தப் போரில், செங்கல்பட்டு மாவட்டத்துச் சுபேதார் சுப்ரமணியன் 1944 ஜூன் 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் தம் உடலைக் கிடத்தி உடனிருந்தவர்களைக் காத்தார். மறைவுக்குப் பின் ஆங்கில அரசின் ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது வழங்கப்பட்டதால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. விருது வாராதவர்களின் பெயர்களை அவரவர் ஊரும் பள்ளியும்தான் காக்க வேண்டும்.

கல்லில் மூன்றாவதாக உள்ள பெயரைப் பற்றிக் குழுவில் வாக்குவாதம் நடந்தது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி மலேயாவுக்குப் பிழைக்கப் போன நம் பகுதியினர் பல்லாயிரவர். சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் ஜப்பானியரிடம் வீழ்ந்த பின், அவர்களுள் ஒரு சாரார் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் மடிந்தனர். ஒரு சாரார் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அப்படிச் சேர்ந்தவர் இந்த மூன்றாமவர். ஆங்கிலேயரின் படையில் இருந்தவர் பெயரையும், அந்தப் படையை எதிர்த்து நின்றவர் பெயரையும் ஒரே கல்லில் வெட்டலாமா என்று கேட்டார்கள். இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து வாய்ப்பாடு சொன்னவர்களாக இருக்கலாம் என்றேன். அவர்களுக்குள் தீர்ப்புச் சொல்லும் தகுதி பள்ளிக்கு இல்லை. இருவரையும் தன் பிள்ளை என்று சொல்லும் உரிமை உண்டு. இலங்கையில் 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையில் பணியாற்றித் திரும்பியவரின் பெயரும் அதே எண்ணத்தோடுதான் இங்கே இருக்கிறது.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்கிறேன். 1962 சீனப் போருக்குப் பின் அவசரகால அதிகாரிகளாகப் படையில் சேர்ந்த பட்டதாரிகளுள் நம் புவியியல் ஆசிரியரும் ஒருவர். பணி முடிந்து திரும்பி வந்து, அதே வகுப்பறையில் இமயமலையின் கணவாய்களைக் கரும்பலகையில் வரைந்தார்; தாம் அங்கே நின்றதாக ஒரு நாளும் சொன்னதில்லை. தேசிய மாணவர் படைக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர்கள், 1965, 1971 போர்களின்போது பாடம் முடிந்த பிறகு இருட்டும் வரை மாணவர்களுக்கு முதலுதவி கற்றுக் கொடுத்தார்கள். சீருடை அணியாத ஆசிரியர்களின் வேலை வேறு. எழுதத் தெரியாத தாய்மார்கள் மாலையில் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள். '56 ஏ.பி.ஓ.' என்று படை அஞ்சலக முகவரி எழுதிய உள்நாட்டுக் கடித உறைகள் அவர்கள் கையில் இருக்கும். எந்த மலையில், எந்த எல்லையில் மகன் இருக்கிறான் என்பது அந்த முகவரியில் தெரியாது. அந்தக் கடிதங்களை எழுதிக் கொடுத்த ஆசிரியர்களின் பெயர்களையும் கல்லில் சேர்த்திருக்கிறோம்.

அந்த வேலை எனக்கும் ஒருமுறை வாய்த்தது. கார்கில் போர் நடந்த 1999 கோடையில், திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே 29 அன்று படாலிக் பகுதியில் வீழ்ந்த செய்தி வந்து சில நாள்களே ஆகியிருந்தன. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் அப்போது அந்த முனையில் இருந்தார். அவருடைய தாயார் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்து, "நல்ல சேதின்னா மட்டும் படிங்க சார்" என்றார். நான் முதலில் மனத்துக்குள் படித்தேன். மேட்டூர் திறந்தாயிற்றா, நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததா, குறுவைக்கு நாற்றங்கால் விட்டாயிற்றா, சின்ன மாடு கன்று ஈன்றதா என்று கேட்டிருந்தார். போரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் உரக்கப் படிக்கப் படிக்க, அந்த அம்மா ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடமே பதில் சொன்னார். அவற்றை அப்படியே எழுதி அனுப்பினேன். அந்த மாணவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். அவருடைய தாயார் இல்லை.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தந்தை பெயர், ஊர், சேர்க்கை எண் ஆகியவற்றை வெட்டச் சொன்னோம். எந்தப் பதிவேட்டில் நீக்கப்பட்டதோ அந்த எண்ணிலேயே அவர்கள் திரும்ப வர வேண்டும் என்பது மாணவர்களின் விருப்பம். கல்லின் கீழே சிறிது இடம் விட்டிருக்கிறோம். கறையான் தின்ற பக்கங்களில் இருந்தவர்களுக்கான இடம் அது. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய ஊதியப் புத்தகமோ பதக்கமோ இருந்தால் அலுவலகத்துக்குக் கொண்டு வந்து காட்டுங்கள்.

பெயர்களை நான் வாசிக்கப் போவதில்லை. ஆறாம் வகுப்பு மாணவி ஒருவர், காலையில் வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போலவே வாசிப்பார். உங்கள் வீட்டவர் பெயர் வரும்போது எழுந்து, "உள்ளேன் ஐயா" என்று சொல்லுங்கள். யாரும் வராத பெயர்கள் ஐந்தாறு இருக்கின்றன. அவற்றுக்கு மாணவர்கள் எல்லாரும் எழுந்து குரல் கொடுப்பார்கள். வாருங்கள் அம்மா, ஒலிபெருக்கியைச் சற்றுத் தாழ்த்திக் கொள்ளுங்கள்.